உள்பக்கம் திரும்பிய தேதி

"தேஞ்சு போற ரப்பரெல்லாம் எங்கப்பா போகும்?"

ஏழு வயது முத்துமீனா ஒருநாள் தன் அப்பாவிடம் கேட்டாள். அப்போது அவள் ஒரு மொட்டை டயரின் மேல் உட்கார்ந்திருந்தாள். அப்பா சிவபாண்டிக்குப் பரவையில், திண்டுக்கல் சாலையோரம் ஒரு பஞ்சர் கடை. பழைய டயர் வாங்கி விற்பதும் அங்கேதான்.

"ரோட்டுல போகும். வேற எங்க போகும்?"

"ரோட்டுல ஒண்ணும் கிடக்கலையே. அம்புட்டையும் யாரு கூட்டி அள்ளுறா?"

சிவபாண்டி சிரித்தான். அந்தக் கேள்விக்கான பதில் ஒரு கத்திரி வெயிலில் அவன் கடைக்கே தேடி வந்தது.

இது நடந்தது. பயமுறுத்துவதற்காக ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. நேரங்களைச் சிவபாண்டியே கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தான். பாதி அழிந்தும் அழியாமலும் அவை இன்னும் இருக்கின்றன. பேய் என்றால் இருட்டில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதை நம்பமாட்டார்கள். இது பட்டப்பகலில் வந்தது. நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும் நேரத்தில்... பன்னிரண்டு நாற்பதுக்கு.

முதலில் டயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் எண்களும் எழுத்துகளும் அச்சாகியிருக்கும். சின்ன லோடு வண்டி டயர் என்றால் 145 R12 என்றிருக்கும். நூற்று நாற்பத்தைந்து மில்லிமீட்டர் அகலம். ஆர் என்றால் ரேடியல். பன்னிரண்டு அங்குல ரிம். முத்துமீனா எண்கள் படித்துப் பழகியதே அந்த டயர்களைத் தடவித்தான். ஒரு பக்கத்தில் மட்டும், சின்னதாக ஒரு கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். அது டயர் பிறந்த தேதி. முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 0914 என்றால் 2014ஆம் வருடத்தின் ஒன்பதாவது வாரம்.

வண்டி வாங்குபவர்கள் பட்டனைத்தான் பார்ப்பார்கள். பட்டன் என்பது சாலையைத் தொடும் அந்த ரப்பர் மேடு. அது உயரமாக இருந்தால் டயர் புதிது என்று நம்பிவிடுவார்கள். ஓடாமல் மூலையில் கிடந்த டயருக்கும் வயதாகும். ரப்பர் இறுகிப்போகும். வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே நூலுக்கும் கம்பிக்கும் பிடிப்பு விட்டிருக்கும். கத்திரி வெயிலில், தார் ரோட்டில், பாரத்தோடு போகும்போதுதான் அது தெரியவரும்.

இதெல்லாம் சிவபாண்டிக்குத் தெரியும். அவன் தொழில் கற்ற இடத்தில் இன்னொன்றையும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பழைய டயரை ரிம்மில் ஏற்றும்போது தேதி இருக்கும் பக்கத்தை வண்டிக்கு உள்பக்கமாகத் திருப்பிவிட வேண்டும். பொய் சொல்ல வேண்டியதில்லை. யாரும் படுத்துக்கொண்டு பார்க்கப்போவதில்லை. இருபது வருடத்தில் அது அவன் கைக்கே பழகிவிட்டது. அவன் யோசிப்பதற்குள் கை திருப்பிவிடும்.

அப்படித்தான் கருப்புக்கும் திருப்பியது.

கருப்புக்கு அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி வைத்துப் பரவை மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றி வருவான். கடையைத் தாண்டும்போதெல்லாம் இரண்டு தடவை ஆரன் அடிப்பான். பாம்... பாம். முத்துமீனா எங்கிருந்தாலும் ஓடிவந்து கையாட்டுவாள்.

அவளுக்கு நான்கு வயதாக இருக்கும்போது ஒரு காலையில் கடையிலேயே காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. சிவபாண்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நின்று கத்தினான். இரண்டு ஆட்டோக்கள் நிற்காமல் போயின. மூன்றாவதாக வந்த கருப்பு நிறுத்தினான். எதுவும் கேட்கவில்லை. பின்னால் ஏறி, பதினான்கு மூட்டைக் கத்தரிக்காயையும் ரோட்டோரம் தள்ளினான். கூடவே ஓடிவந்த முத்துமீனாவின் அம்மா அங்கே பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார இடம் வேண்டுமே. இருபத்தைந்து நிமிடத்தில் பெரியாஸ்பத்திரி வாசல். பிள்ளை பிழைத்தது.

திரும்பி வந்தபோது மூட்டைகளில் பாதியை மாடுகள் தின்றிருந்தன. சிவபாண்டி கையெடுத்துக் கும்பிட்டான்.

"விடு மாப்ள. மாட்டுக்கும் ஒரு நா விருந்து வேணாமா?" என்றான் கருப்பு. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

அந்தக் கருப்பு போன மாசியில் வந்து முன்னால் இரண்டு டயர் வேண்டும் என்றான். சிவபாண்டியிடம் மூன்று டயர்கள் இருந்தன. மூடிப்போன ஒரு கம்பெனி ஷெட்டில் சாத்தி வைத்திருந்தவை. ஒரு கிலோமீட்டர் ஓடாதவை. மூன்றிலும் ஒரே தேதி: 0914. பதினோரு வருடப் பழசு.

"பாத்துக்க மாப்ள. பட்டன் முழுசா இருக்கு," என்றான் சிவபாண்டி.

"நான் எதுக்குப் பாக்கணும்? நீ போடு. டீ சொல்லிட்டு வாரேன்."

கருப்பு பக்கத்து டீக்கடைக்குப் போனான். சிவபாண்டி டயரை ரிம்மில் ஏற்றினான். கடைசி நட்டை இறுக்கும்போதுதான் கவனித்தான். இரண்டு டயரிலும் தேதி உள்பக்கம். கை திருப்பியிருந்தது.

சொல்லியிருக்கலாம். ஒரு வாய் வார்த்தைதான். அதற்குள் கருப்பு டீயோடு வந்து நின்றான். சிவபாண்டி டீயை வாங்கிக்கொண்டான். வார்த்தை டீயோடு உள்ளே போய்விட்டது.

அக்னி நட்சத்திரம் தொடங்கிய மூன்றாம் நாள், மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு, அலங்காநல்லூர் சாலையில் கருப்பு வண்டியின் முன் இடது டயர் வெடித்தது. வண்டி சாய்ந்தது. கருப்பு வெளியே தெறித்து விழுந்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

"கத்திரி வெயிலு. டயரு வெடிச்சிருச்சு," என்றார்கள். அவ்வளவுதான். யாரும் யாரையும் கேட்கவில்லை.

உடலை எடுக்கும் வீட்டுக்குச் சிவபாண்டியும் போனான். தெருக்கோடியில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டான். கருப்பின் மனைவி நாகஜோதி அவனைப் பார்த்தாள். அழுகைக்கு நடுவே, ஒரு நொடி, நேராகப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். மாலையைப் போடாமல் வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு வந்தான்.

கடையில் மூன்றாவது டயர் இரும்புக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கருப்பு செத்த நான்காம் நாள் மதியம். சிவபாண்டி ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தான். ரப்பர் கருகும் வாடை வந்தது. சுற்றிப் பார்த்தான். அடுப்பு இல்லை, வெல்டிங் இல்லை. வாடை அந்த டயரிலிருந்து வந்தது. தொட்டான்.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். நாற்பது கிலோமீட்டர் ஓடி வந்த வண்டியின் டயர்போலக் கொதித்தது.

கொக்கி நிழலில்தான் இருந்தது. வெயில் அங்கே எட்டவே எட்டாது. மற்ற டயர்களைத் தொட்டுப் பார்த்தான். எல்லாம் சாதாரணச் சூடு. மணி 12.40.

'கூரைத் தகரத்தோட வெக்கை' என்று சொல்லிக்கொண்டான். ஆனாலும் சுவரில் நேரத்தை எழுதி வைத்தான். ஏன் எழுதினான் என்று அவனுக்கே தெரியாது.

ஐந்தாம் நாள் ஒரு சத்தம் கேட்டது. தூரத்தில் லோடு வண்டி ஒன்று தார் ரோட்டில் உருண்டு வரும் சத்தம். ம்ம்ம்ம்ம்... வெளியே வந்து பார்த்தான். சாலை இரண்டு பக்கமும் காலி. கானல் மட்டும் நெளிந்தது. சத்தம் அவன் முதுகுக்குப் பின்னால், கடைக்குள்ளிருந்து வந்தது.

சரியாக ஒரு நிமிடம். பிறகு நின்றது.

பள்ளிக்கூடம் லீவு என்பதால் முத்துமீனா கடையில்தான் இருந்தாள். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அந்த டயருக்குக் கீழே போனாள். தரையில் கறுப்பாக, மாவுபோல ஒரு தூள் கொட்டிக் கிடந்தது. கூட்டி முறத்தில் அள்ளினாள்.

"அப்பா, இங்க பாரு. தேஞ்ச ரப்பரு நம்ம கடைக்கு வந்திருச்சு."

சிவபாண்டி வேகமாக அவள் பக்கம் வந்தான்.

"அதத் தொடாத. கீழ வைய்யி."

"ஏன்ப்பா?"

"வைய்யின்னு சொன்னேன்ல!"

அவளை அவன் அப்படி அதட்டியதே இல்லை. பிள்ளை முறத்தை வைத்துவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

அவன் ஒரு தீக்குச்சியை எடுத்து டயரின் பள்ளத்தில் விட்டான். பட்டன் உயரம் எவ்வளவோ அந்த இடத்தில் நகத்தால் கீறி, குச்சியைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினான். மறுநாளும் அளந்தான். அதற்கு மறுநாளும். கீறல்கள் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இறங்கின.

ஒரு அடி தூரம்கூட உருளாத டயர். கொக்கியில் தொங்கியபடியே தேய்ந்துகொண்டிருந்தது.

எட்டாம் நாள் முனியாண்டி கோவிலுக்குப் போய்க் கையில் கயிறு கட்டிக்கொண்டான். பூசாரி திருநீறு பூசிவிட்டார். பூசியது நெற்றியில், அழுக்கு இருந்ததோ கையில். கடைக்கு வந்து அந்த டயரைக் கழற்றி, மற்ற டயர்களின் அடுக்குக்கு ஆக அடியில் வைத்தான். மேலே ஒன்பது டயர்களை ஏற்றினான். தேதி எதுவும் வெளியே தெரியாதபடி, வழக்கம்போல.

ஒன்பதாம் நாள் அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பும்போது மணி 12.50. பக்கத்து டீக்கடை விருமாண்டி உரக்கச் சிரித்தார்.

"என்ன மாப்ள, எல்லா டயரோட ஜாதகத்தையும் வெளிய எடுத்து வச்சிருக்க? பொண்ணு பாக்க வாராங்களா?"

"என்னண்ணே சொல்றீங்க?"

"அங்கிட்டுத் திரும்பிப் பாருய்யா."

பார்த்தான்.

கடையில் மொத்தம் நாற்பத்தொரு டயர். சுவரில் சாத்தியவை, அடுக்கியவை, தொங்கியவை. அத்தனையும் திரும்பியிருந்தன. அத்தனையிலும் அந்த நான்கு எண்கள் சாலையைப் பார்த்து நின்றன. 1116... 3015... 4713... யாரோ ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் துடைத்ததுபோல, எண்கள் பளிச்சென்று தெரிந்தன.

"நீங்க யாரையும் பாத்தீங்களாண்ணே?"

"யாரு வந்தா? நான் இங்கிட்டுத்தான உக்காந்திருக்கேன். ஈ காக்கா வரல. காலையில நீயே அடுக்கிட்டு மறந்துட்டியா? வெயிலு மண்டைக்கு ஏறிருச்சு போல. மோரக் குடி."

அடுக்கு கலையாமல் இருந்தது. ஆக மேலே இருந்த டயரின் மேல் வட்டமாக, கோலம் இழுத்ததுபோல, கறுப்புத் தூள். அடியில் இருந்த டயரின் அளவுக்கே ஒரு வட்டம். தொட்டான். சுட்டது.

சிவபாண்டி ஒன்பது டயரையும் இறக்கி, அதை வெளியே எடுத்துப் பழைய கொக்கியிலேயே மாட்டினான். கண்ணெதிரே இருப்பதே மேல் என்று தோன்றியது. மற்ற டயர்களைத் திருப்பி வைக்கக் கை போனது. முடியவில்லை. நாற்பது தேதிகளும் அவனையே பார்ப்பதுபோல இருந்தது.

பதிமூன்றாம் நாள் மாலை 4.30. நாகஜோதியின் தம்பி மலையாண்டி பைக்கில் வந்து இறங்கினான்.

"அண்ணே, மாமா வண்டிய ஸ்டேஷன்ல இருந்து விட்டுட்டாங்க. ஒடுக்கெடுத்து, வெடிச்ச பக்கத்துக்குப் புது டயரு மாட்டியாச்சு. பேட்டரி ஒண்ணுதான் இனி வாங்கணும். பதினாறாம் நாள் காரியத்துக்கு வைகைக் கரைக்கு அதுலதான் போறோம். அக்கா, பிள்ளைக ரெண்டு பேரு, சொந்தக்காரங்கன்னு பதினோரு பேரு. நான்தான் ஓட்டப்போறேன்."

சிவபாண்டி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"வலது பக்கம்?"

"அது நீங்க போட்டதுதானண்ணே. பட்டன் அப்புடியே இருக்கு. அத ஏன் மாத்தணும்? அக்காதான் உங்ககிட்டச் சொல்லிட்டு வரச் சொன்னுச்சு."

"என்ன சொல்லச் சொன்னுச்சு?"

"பதினாறாம் நாள் காலையில ஏழு மணிக்கு அந்த வண்டியில போறோம்னு. அம்புட்டுத்தான்."

இப்போது சொல்ல வேண்டும். 'அந்த டயரைக் கழட்டிருப்பா.' மூன்றே வார்த்தை. அதைச் சொன்னால் அடுத்து ஏன் என்று கேட்பான். ஏன் என்றதற்குப் பதில் சொன்னால், கருப்பைக் கொன்றது வெயில் இல்லை என்று ஊருக்குத் தெரியும். முத்துமீனாவுக்கும் தெரியும்.

"காத்து செக் பண்ணிக்க," என்றான் சிவபாண்டி.

மலையாண்டி தலையாட்டிவிட்டுப் போனான். பைக் மறைந்த பிறகு சிவபாண்டி தன் வாயிலேயே ஓங்கி அறைந்துகொண்டான்.

பதினான்காம் நாள் பட்டன் முழுதும் கரைந்திருந்தது. பள்ளங்களே இல்லை. மதியம் 12.41க்கு ரப்பருக்கு அடியிலிருந்து வெள்ளையாக நூல் எட்டிப் பார்த்தது. நூல் தெரிந்துவிட்டால் டயர் இன்றோ நாளையோ என்று அர்த்தம்.

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே ஷெட்டில் ஒன்றாகக் கிடந்த மூன்று டயர்கள். ஒன்று வெடித்துவிட்டது. ஒன்று பிள்ளைகள் ஏறப்போகும் வண்டியில் இருக்கிறது. மூன்றாவது... அவனுக்கு நாள் எண்ணிக் காட்டிக்கொண்டிருக்கிறது.

பதினைந்தாம் நாள். 12.35.

விருமாண்டி டீக்கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். சாலையில் யாருமில்லை. சிவபாண்டி முக்காலியைப் போட்டு அந்த டயருக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.

12.38. வாடை வந்தது.

12.39. சத்தம். ம்ம்ம்ம்ம்...

இன்று சத்தம் தூரத்தில் இல்லை. காதுக்குள் இருந்தது.

12.40.

டயர் அசைந்தது.

காற்று இல்லை. கொக்கியில் மெல்லத் திரும்பியது. பிறகு உருண்டது. நின்ற இடத்திலேயே... வேகமாக... இன்னும் வேகமாக...

கறுப்புத் தூள் அவன் முகத்தில் அடித்தது.

நூல் ஒவ்வொன்றாக அறுந்தது.

டக்.

டக்.

டக்.

நின்றுவிட்டது.

தேதி அவனுக்கு நேராக நின்றது. 0914.

வெளியே சாலையில்...

பாம்... பாம்.

ஓடி வெளியே வந்தான்.

சாலை காலி.

அவன் அங்கேயே வெயிலில் மண்டியிட்டுவிட்டான். "மாட்டுறேன் மாப்ள... இந்தா கெளம்பிட்டேன்," என்று வெறும் சாலையைப் பார்த்துச் சொன்னான். பயத்தில் சொன்னதா, வெட்கத்தில் சொன்னதா என்று கேட்டால் இன்றும் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

கடையில் அதே அளவில் புத்தம் புது டயர் ஒன்று, வேறொருவர் கேட்டார் என்று வாங்கி வைத்தது, இருந்தது. ரிம் ஒன்றை எடுத்து அதில் ஏற்றினான். காற்று அடித்து நிமிர்ந்து பார்த்தான். தேதி உள்பக்கம்.

புது டயர். மறைக்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் கை திருப்பியிருந்தது.

சிவபாண்டி தன் வலது கையையே பார்த்தான். பிறகு காற்றைப் பிடுங்கி, டயரை ரிம்மிலிருந்து கழற்றி, மறுபக்கம் திருப்பி ஏற்றினான். சக்கரத்தை பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினான்.

கிராமத்தில் 1.50. தெருவே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. வேப்பமரத்தடியில் கருப்பின் வண்டி நின்றது. நாகஜோதி வாசல் நிலையில் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை.

"வாங்கண்ணே. தண்ணி குடிங்க."

செம்பை வாங்கினான். குடிக்கவில்லை.

"தங்கச்சி, நான் ஒண்ணு சொல்லணும். கருப்புக்கு நான் போட்ட டயரு..."

"பழசு," என்றாள் நாகஜோதி.

சிவபாண்டி செம்பைக் கீழே வைத்தான்.

"போட்டுட்டு வந்த அன்னைக்கே, கீழ படுத்து ஆயில் பாக்குறப்ப அவரு பாத்துட்டாரு. எங்கிட்டச் சொன்னாரு. நான் சண்டைக்கு நின்னேன். போய்க் கேளுங்க, மாத்தித் தரச் சொல்லுங்கன்னு. 'அவனுக்கு என்ன கஷ்டமோ, திருப்பிப் போட்டுட்டான். போய்க் கேட்டா எம் மொகத்துல முழிக்க மாட்டான். அடுத்த போகம் நானே மாத்திக்கிறேன், அதுவரைக்கும் பைய ஓட்டுறேன்'ன்னாரு. பையத்தான் ஓட்டுனாரு..."

சிவபாண்டி வேப்பமரத்தடியில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தான். தான் மறைத்ததைக் கருப்பு பார்த்திருக்கிறான். பார்த்ததை மறைத்திருக்கிறான். மாசியிலிருந்து ஒவ்வொரு நாளும், எல்லாம் தெரிந்தே, கடையைத் தாண்டும்போது ஆரன் அடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

"எடுக்குற அன்னைக்கு உங்களப் பாத்தேன். அம்புட்டு ஆத்திரம் வந்துச்சு. பிறகு நீங்க நின்ன நெலமையப் பாத்துட்டு ஒண்ணும் கேக்கத் தோணல. ஆனா இந்தப் பயக மலையாண்டி பேச்சக் கேட்டுக்கிட்டு அதே டயரோட கெளம்ப நிக்கிறாங்க. நான் சொன்னா, பட்டன் இருக்கு, பட்டன் இருக்குன்னு சிரிக்கிறான். அதான் உங்கட்ட ஒரு வார்த்த சொல்லிவிட்டேன். நீங்க வராட்டி நானும் பிள்ளைகளும் பஸ்ஸுல போயிருப்போம்."

"நான் வருவேன்னு எப்புடித் தெரியும் தங்கச்சி?"

"அவருதான் சொன்னாரு. 'சிவபாண்டிக்குப் போற நாள மட்டும் சொல்லிவிடு. அவனா வருவான். நீ எதுவும் கேக்காத'ன்னு."

சிவபாண்டி தலை நிமிர்ந்தான். எந்த நாள்? காரியத்துக்கு நாள் குறித்ததே கருப்பு செத்த பிறகுதானே?

"எப்ப சொன்னாரு?"

"முந்தாநாள்."

வெயில் அப்படியே நின்றது.

"முந்தாநாள் மத்தியானம். கதவு பக்கத்துல சும்மா படுத்திருந்தேன், தூங்கல. வண்டியில ரெண்டு தடவ ஆரன் கேட்டுச்சு. மலையாண்டி பய நோண்டுறான்னு எந்திரிச்சு வந்தா... இந்தா, நீங்க நிக்கிற எடத்துலதான் நின்னாரு. சட்டையெல்லாம் கறுப்புத் தூளு. சொல்லிட்டுப் போயிட்டாரு."

சிவபாண்டி மெதுவாக ஓரடி நகர்ந்து நின்றான்.

நாகஜோதி எழுந்தாள். "அனலடிக்குது. பிள்ளைக தூங்குது. நான் கதவச் சாத்திக்கிறேண்ணே," என்றாள். அவன் கொண்டுவந்த சக்கரத்தை அவள் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ் விழுந்தது.

வண்டிப் பக்கம் போனான். பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. வயர் இரண்டும் சும்மா தொங்கின. நுனியில் பச்சை பூத்து, சிலந்தி வலை கட்டியிருந்தது. விபத்தன்றைக்கே கழற்றியிருப்பார்கள். அதில் எந்த ஆரனும் அடித்திருக்க முடியாது.

பார்த்தான். யோசிக்கவில்லை. ஜாக்கியை வைத்தான்.

வலது சக்கரத்தைக் கழற்றினான். ஓடாமல் நிழலில் நின்ற வண்டி. டயர் சுட்டது. உள்பக்கத்தைத் தடவினான். 0914க்குக் கீழே, பக்கச் சுவரில், விரல் நுழையும் அளவுக்குப் பிளவு. நாளை பதினோரு பேரோடு அது வைகைக் கரையைப் பார்த்திருக்காது.

புதுச் சக்கரத்தை மாட்டினான். நான்கு நட்டையும் மாற்றி மாற்றி இறுக்கினான். ஒவ்வொன்றையும் இரண்டாம் முறையும் இறுக்கினான். சாத்திய கதவைக் கும்பிட்டான். பழைய சக்கரத்தை பைக்கில் கட்டிக்கொண்டு, சத்தம் கேட்காமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனான்.

அலங்காநல்லூர் சாலையில் கருப்பு விழுந்த இடத்தில் நிறுத்தினான். தாரில் இன்னும் ஒரு கறுப்புக் கோடு இழுத்திருந்தது. சட்டைப் பையில் ஒரு பொட்டலம். கிளம்புமுன் கடைத் தரையில் கூட்டி அள்ளிய கறுப்புத் தூள். அதைப் பிரித்து, அந்தக் கோட்டின் முடிவில், சாலையோர மண்ணில் கொட்டி, கையால் மூடினான். யாரு கூட்டி அள்ளுறா என்று பிள்ளை கேட்டாளே... அவளுக்கு இனிப் பதில் சொல்லலாம்.

மணி 2.40. சாலையில் ஒரு வண்டியும் இல்லை. வடக்கே அழகர்மலை மட்டும் கானலில் ஆடிக்கொண்டிருந்தது.